கல்லுக்குள் பூஞ்சை: தொல்செடிகளில் அதைத் தேடத் தொடங்குகிறவர்களுக்கு

நான் முதன்முதலில் கண்டுபிடித்த தொல்பூஞ்சை ஒரு பஞ்சு நூல். கண்ணாடித் தகட்டைத் துடைத்த துணியிலிருந்து உதிர்ந்து எண்ணெய்த் துளிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாள் அதை அளந்தேன், வரைந்தேன், அதற்குப் பெயர்கூட யோசித்துவிட்டேன். நான்காம் நாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மூத்தவர் ஒருவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இது செடியின் எந்தத் திசுவில் இருக்கிறது?" பதில் இல்லை. குவியத்தைச் சற்றுத் திருப்பியதும் செடி மங்கி மறைந்தது, நூல் மட்டும் பளிச்சென்று நின்றது. அது செடியின்மேல் கிடந்ததே தவிர, செடிக்குள் இருக்கவில்லை.

அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன். ஒரு பூஞ்சையிழையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், அது செடிக்கு நண்பனாக இருந்ததா, நோயாக வந்ததா, செத்தபின் தின்ன வந்ததா என்று அதன் உடம்பில் எழுதியிருக்காது. அதற்குச் செடி என்ன செய்தது என்பதில்தான் உறவு பதிவாகியிருக்கிறது. ஆகவே முதலில் செடியைப் படியுங்கள்.

உயிருள்ள வேரில் தொடங்குங்கள்

கல்லைத் தொடுவதற்கு முன் ஒரு வெங்காய வேரைப் பாருங்கள். இதைத் தாண்டிக் குதித்து நேரே புதைபடிவத்துக்குப் போகிறவர்கள் பின்னர் திரும்பி வரத்தான் வேண்டியிருக்கிறது.

சாதாரணத் தோட்ட மண்ணில் ஆறேழு வாரம் வளர்ந்த வெங்காயச் செடியைப் பிடுங்கி, மெல்லிய வேர்களை நன்றாகக் கழுவி, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக்கினால் செல்லுக்குள் இருக்கும் சரக்கெல்லாம் கரைந்து வேர் கண்ணாடிபோல ஆகிவிடும். இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரித்துவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிறகு நீரில் அலசி, வினிகரில் 5 சதவீதம் பவுண்டன் பேனாவின் கறுப்பு மையைக் கலந்து அதில் மூன்று நிமிடம் கொதிக்க வையுங்கள். சில சொட்டு வினிகர் விட்ட நீரில் இருபது நிமிடம் ஊறவைத்தால் செடியில் ஏறிய மை வெளியேறும், பூஞ்சையில் ஏறியது நிற்கும்.

மூடுகண்ணாடியை வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். வேரின் நீளவாக்கில் செல்களுக்கிடையே குழாய்போல ஓடும் இழைகள் தெரியும். அங்கங்கே முட்டை வடிவப் பைகள் தெரியும். அவை எண்ணெய்ச் சேமிப்பு. புறணியில், அதாவது மேல்தோலுக்கும் நடுக் கடத்துத்திசுவுக்கும் இடைப்பட்ட பகுதியில், சில செல்களுக்குள் இழை நுழைந்து கிளைத்து, கிளை மறுபடி கிளைத்து, குட்டி மரம் ஒன்று செல்லை நிரப்பி நிற்கும். அதுதான் ஆர்பஸ்கியூல். பூஞ்சை மண்ணிலிருந்து கொண்டுவந்த பாஸ்பரஸைச் செடிக்குக் கொடுத்து, செடி செய்த சர்க்கரையையும் கொழுப்பையும் பெற்றுக்கொள்ளும் இடம் அது. இன்றைய நிலத்தாவர இனங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த வகை வேர்ப்பூஞ்சை உண்டு. ஒப்பீட்டுக்குக் கடுகுச் செடியின் வேரையும் இதே முறையில் சாயமேற்றுங்கள். அந்தக் குடும்பம் வேர்ப்பூஞ்சையோடு பொதுவாக ஒட்டுறவு வைத்துக்கொள்வதில்லை. குட்டி மரங்கள் இல்லாத செல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும்.

ஓர் ஆர்பஸ்கியூலின் ஆயுள் சில நாட்கள்தான். அதன்பின் சுருங்கிக் கட்டியாகிவிடும். இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

எந்தக் கல், எந்தக் காலம்

ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷையரில் ரைனி என்ற சிற்றூர் இருக்கிறது. 1912 வாக்கில் வில்லியம் மெக்கி என்ற மருத்துவர், நிலவியலை ஓய்வுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தவர், அங்கே செடித் தண்டுகள் நிறைந்த கருநிறச் சிலிக்காக் கற்களைக் கண்டார். செர்ட் என்று சொல்லப்படும் வகைக் கல். ஏறத்தாழ 40 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தின் தொடக்கத்தில், அந்த இடம் வெந்நீர் ஊற்றுகள் பொங்கும் சமவெளி. ஊற்றுநீர் வழிந்தபோதெல்லாம் அதில் கரைந்திருந்த சிலிக்கா செடிகளுக்குள் ஊறி உறைந்தது. சில நாட்களே வாழும் ஆர்பஸ்கியூல்கூட அந்தக் கல்லில் அப்படியே நிற்கிறது என்றால், உறைந்த வேகத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ராபர்ட் கிட்ஸ்டனும் வில்லியம் லாங்கும் 1917 முதல் 1921 வரை ஐந்து பகுதிகளாக அந்தச் செடிகளை விவரித்தார்கள். ஐந்தாம் பகுதியில் பூஞ்சைகள் வந்தன. செடிக்குள் பூஞ்சை இருப்பதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். கூட்டுவாழ்வா, மட்கும் செடியில் ஏறியதா என்று அடித்துச் சொல்லத்தான் சான்று போதவில்லை. அந்தச் சான்று 1994-இல்தான் வந்தது. அக்லவோஃபைட்டான் என்ற செடியின் செல்களுக்குள் ஆர்பஸ்கியூல்களை வின்ஃப்ரீட் ரெமி, தாமஸ் டெய்லர், ஹாகன் ஹாஸ், ஹான்ஸ் கெர்ப் ஆகிய நால்வரும் காட்டினார்கள். இடையே எழுபது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அவசரப்படாத கிட்ஸ்டனையும் லாங்கையும் நான் மிகவும் மதிக்கிறேன்.

புதியவர் ரைனியிலேயே தொடங்குவது நல்லது. மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்பனிஃபெரஸ் கால நிலக்கரிப் படுகைகளில் சுண்ணக் கனிமம் ஊறி உருண்டையான மட்கு உண்டு. நிலக்கரி உருண்டை என்பார்கள். அண்டார்க்டிகாவில் பெர்மியன், டிரையாசிக் காலத்துச் சிலிக்கா ஏறிய மட்கும் மரங்களும் கிடைக்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள பிரின்ஸ்டன் செர்ட்டில் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழைய பைன் வேர்கள் பூஞ்சை உறையோடு இருக்கின்றன. குஜராத்தின் தட்கேஷ்வர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்து அம்பரில், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசினில், ஏறத்தாழ 5 கோடியே 20 லட்சம் ஆண்டுப் பழைய வேர்நுனிகள் பூஞ்சையோடு சிக்கியிருக்கின்றன. இலைப் பதிவுகளின் மேல்தோலிலும், பாறையை அமிலத்தில் கரைத்தபின் மிஞ்சும் வண்டலிலும் பூஞ்சை வித்துகள் ஏராளம்.

வித்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆர்டோவிசியன் பாறையிலிருந்து 46 கோடி ஆண்டுப் பழைய வித்துகளும் இழைகளும் 2000-இல் விவரிக்கப்பட்டன. இன்றைய வேர்ப்பூஞ்சைக் குழுவின் வித்துகளைப் போலவே இருக்கின்றன. அருமையான சான்று. ஆனால் கூடவே செடி இல்லை. அந்தக் குழுவைப் போன்ற பூஞ்சை அப்போது இருந்தது என்று சொல்லலாம். செடியோடு கூடி வாழ்ந்தது என்று அந்த வித்து தானாகச் சொல்லாது.

தகடு தயாரிப்பது

கல்லைத் தேடி நீங்களே மண்வெட்டியோடு போகாதீர்கள். ரைனி செர்ட் வயலுக்கடியில் புதைந்திருக்கிறது; அந்த நிலம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட அறிவியல் இடம். அருங்காட்சியகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் நூறாண்டாகச் சேர்ந்த தகடுகள் இருக்கின்றன. முதல் ஓராண்டுக்கு இரவல் தகடே போதும்.

ஆனாலும் தகடு எப்படி உருவாகிறது என்று தெரியாவிட்டால் அதில் தெரிவதை நம்பவும் முடியாது, சந்தேகிக்கவும் முடியாது. வைரப்பல் வாளால் கல்லை மெல்லிய வில்லையாக அறுத்து, ஒரு முகத்தைச் சமமாக்கி, எபாக்சி பசையால் கண்ணாடியில் ஒட்டி, மறுமுகத்தைச் சிலிக்கான் கார்பைடு பொடியால் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். பாறை ஆய்வாளர்கள் 30 மைக்ரோமீட்டர் தடிமன் வரை தேய்ப்பார்கள். நமக்கு அது கூடாது. 50 முதல் 150 மைக்ரோமீட்டர் வரை விட்டுவைக்க வேண்டும். ஆர்பஸ்கியூல் ஒரு மரம் என்றேன் அல்லவா? 30 மைக்ரோமீட்டரில் மரம் இருக்காது, இரண்டு கிளைத் துண்டுகள்தான் இருக்கும். தடித்த தகட்டில் குவியத்தை மேலும் கீழும் நகர்த்தி ஒரே இழையைப் பின்தொடர்ந்து போகலாம். மேல்முகத்தில் மூடுகண்ணாடி ஒட்டாமல், ஒரு துளி அமிழ்வு எண்ணெயை நேராகக் கல்லின்மேல் விட்டுப் பார்ப்பது வழக்கம். தேய்ப்பது எப்போதும் நீரோடு; உலர்ந்த சிலிக்காத் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும்.

நிலக்கரி உருண்டைக்கு வேறு வழி உண்டு. மழமழப்பாக்கிய முகத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நொடி காட்டினால் சுண்ணம் சற்றே கரைந்து செல்சுவர்கள் மயிரிழையளவு துருத்தி நிற்கும். கழுவி உலர்த்தி, அசிட்டோன் ஊற்றி, அசிட்டேட் தாளைப் படியவிட்டு, காய்ந்ததும் உரித்தெடுப்பார்கள். செடியின் உடற்கூற்றுக்கு இது அற்புதமான முறை, விரைவானதும்கூட. பூஞ்சைக்கு எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அமிலமும் உரிப்பும் நுண்ணிய இழைகளைத் தொலைத்துவிடும். உரிதாளில் பூஞ்சை தெரியவில்லை என்பதால் அந்த உருண்டையில் பூஞ்சை இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பாறையை ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் கரைக்கும் முறையைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். அதை உரிய ஆய்வகத்தில் பயிற்சி பெற்றவர்கள் செய்யட்டும். தோலில் சில துளி பட்டாலே உயிருக்கு ஆபத்து.

பார்க்கும் ஒழுங்கு

முதல் ஒரு மணி நேரம் குறைந்த உருப்பெருக்கத்தை விட்டு மேலே போகக் கூடாது. இது நான் எனக்கே விதித்துக்கொண்ட கட்டளை. மீறிய நாட்களில் எல்லாம் நேரம் வீணானது.

அக்லவோஃபைட்டான் தண்டின் குறுக்குவெட்டு ஒன்று உங்கள் முன் இருக்கிறது என்று வையுங்கள். வேர் கிடையாது, இலை கிடையாது. தரையில் படரும் தண்டு, அதில் வேர்த்தூவிகள், மேலெழும் கிளைகள், அவ்வளவுதான். விரலைவிட மெல்லிய வட்டம். வெளியே ஒரு வரிசை மேல்தோல், அங்கங்கே இலைத்துளைகள். (இலையே இல்லாத செடிக்கு இலைத்துளை என்று எழுதுவது எனக்குக் கூச்சம்தான், வேறு சொல் புழக்கத்தில் இல்லை.) அதற்குள் புறணி, நடுவில் மெல்லிய கடத்துத்திசு. இதைப் பென்சிலால் வரையுங்கள். புகைப்படம் போதாது, வரையும் கைதான் கண்ணை ஒவ்வொரு அடுக்காக நிறுத்தும்.

வரைந்து முடிக்கும்போது உங்களுக்கே ஒன்று உறுத்தும். புறணியின் வெளிப்பகுதியில், மேல்தோலுக்குச் சற்று உள்ளே, தண்டைச் சுற்றி வளையம் போட்டதுபோலக் கருத்த செல்கள் ஒரு பட்டையாக ஓடுகின்றன. பூஞ்சையை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை, ஆனால் செடி ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டிவிட்டது. இப்போது உருப்பெருக்கத்தை ஏற்றுங்கள். வெளியிலிருந்து வந்த இழைகள் செல்களுக்கிடையே உள்ள சந்துகளில் ஓடுகின்றன. அந்தப் பட்டைக்கு வந்ததும் செல்லுக்குள் புகுந்து கிளைக்கின்றன. வெங்காய வேரில் பார்த்த அதே குட்டி மரம். அதைத் தாண்டி உட்புறணிக்குள் பூஞ்சை அப்படிப் பரவவில்லை. ஒரே திசுவில், ஒரே பட்டையில், தண்டுக்குத் தண்டு இதே ஒழுங்கு. அழுகலில் இந்தக் கட்டுப்பாடு இருக்காது. செத்த செடியைத் தின்ன வந்த பூஞ்சை எல்லைக்கோடு பார்த்து நிற்பதில்லை.

இந்தப் பூஞ்சைக்குக் குளோமைட்டஸ் ரைனியென்சிஸ் என்று பெயர். வேரே இல்லாத செடியில் வேர்ப்பூஞ்சை! வேர் தோன்றுவதற்கு முன்பே இந்த உறவு இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடையாது. நிலத்தில் செடி ஏறியதே பூஞ்சையின் துணையோடுதான் என்று பிரோசின்ஸ்கியும் மல்லோக்கும் 1975-இல் முன்வைத்த கருத்துக்கு இந்தக் கல் பெரிய பலம் கொடுத்தது. ஆனால் கூட்டாளி ஒருவர் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அதே ரைனியின் ஹார்னியோஃபைட்டான் செடியில் வேறு வேறு குழுக்களைச் சேர்ந்த இரண்டு பூஞ்சைகள் இருந்ததை 2014-இல் காட்டினார்கள். ஒன்று மேலெழும் தண்டில், மற்றொன்று அடிக்கிழங்கில்.

பூஞ்சைதானா, பழையதுதானா

இழை கண்ணில் பட்டதும் இரண்டு சோதனை.

முதலாவது, அது கல்லோடு பிறந்ததா என்பது. குவியத்தை நகர்த்தும்போது இழை செடியின் செல்களோடு சேர்ந்து தெளிந்து சேர்ந்து மங்க வேண்டும். நிறம் செல்சுவரின் நிறத்தோடு ஒத்திருக்க வேண்டும். பக்கத்துச் செடி பழுப்பாக இருக்க இழை மட்டும் நிறமற்றுப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். கல்லின் வெடிப்பு வழியாகவே ஓடும் இழைகள் பெரும்பாலும் பிற்காலத்து விருந்தாளிகள். ஒரே இழை செடியின் சுவரையும் வெளியே உள்ள சிலிக்காவையும் வெடிப்பையும் பொருட்படுத்தாமல் நேராகப் போனால் அது செடியின் காலத்தைச் சேர்ந்ததல்ல. பசையில் சிக்கிய காற்றுக்குமிழி வித்துபோலத் தெரியும். அதன் விளிம்பு தடித்த கறுப்பாக, அளவுக்கு மீறி வட்டமாக இருக்கும். பஞ்சு நூல் முறுக்கிக்கொண்டு தட்டையாக இருக்கும். இதை நான் மறக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது, பூஞ்சைதானா என்பது. பூஞ்சையிழையின் அகலம் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரோமீட்டர். குறுக்குச்சுவர் உண்டா என்று பாருங்கள். வேர்ப்பூஞ்சைக் குழுவில் சுவர் அரிது. குறுக்குச்சுவரின் பக்கத்தில் சிறு கொக்கிபோல ஒரு வளைவு இருந்தால், காளான் குடும்பம் சேர்ந்த பெரும்பிரிவு என்று துணிந்து சொல்லலாம். பிரான்சில் கிடைத்த ஏறத்தாழ 33 கோடி ஆண்டுப் பழைய பெரணி ஒன்றில் அந்தக் கொக்கி கிடைத்திருக்கிறது. கொக்கி இல்லாதது எதையும் நிரூபிக்காது.

நீர்ப்பூசணம் எனப்படும் ஊமைசீட்டுகள்தான் அதிகம் ஏமாற்றும். இழையும் வித்தும் பூஞ்சையைப்போலவே இருக்கும். உறவு பழுப்புப் பாசிகளோடு. அவற்றின் முட்டைப்பையும் அதில் ஒட்டிய ஆண் உறுப்பும் கிடைத்தால் ஒழியப் பிரிப்பது கடினம். கிடைக்காவிட்டால் "பூஞ்சை போன்ற இழை" என்று எழுதுங்கள். அப்படி எழுதுவதால் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

செடியின் பதிலைப் படிப்பது

செத்த செடியால் பதில் சொல்ல முடியாது. செடியின் செல் பூஞ்சைக்கு எதிராகவோ ஆதரவாகவோ எதையாவது கட்டியிருந்தால், பூஞ்சை வந்தபோது அந்தச் செல் உயிரோடு இருந்தது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ரைனியின் நோத்தியா என்ற செடியில் மூன்று விதப் பூஞ்சைகள் குடியிருந்தன. செடி மூன்று விதமாக நடந்துகொண்டிருக்கிறது. பூஞ்சை நுழைந்த வேர்த்தூவிகள் வீங்கியிருக்கின்றன. செல்லுக்குள் வந்த இழையைச் சுற்றிச் செடி ஓர் உறை கட்டியிருக்கிறது. இன்னோரிடத்தில் தொற்றிய பகுதிக்கும் நலமான பகுதிக்கும் நடுவே செல்சுவர்களைத் தடிக்கவைத்து மதில் எழுப்பியிருக்கிறது. 2007-இல் வெளிவந்த இந்த ஆய்வின் படங்களைத் தேடிப் பாருங்கள்; உறைக்குள் மாட்டிய இழையைப் பார்க்கும்போது, 40 கோடி ஆண்டுக்கு முந்தைய அந்த மல்லுக்கட்டு நேற்று நடந்ததுபோல இருக்கும்.

பாலியோநிடெல்லா என்ற நன்னீர்ப் பாசியில் பதில் வேறு. ஒட்டுண்ணி ஏறிய செல்கள் பக்கத்துச் செல்களைவிடப் பல மடங்கு பருத்துவிட்டன. இன்றைய காரா பாசியும் இத்தகைய தொற்றுக்கு இப்படித்தான் வீங்குகிறது. ஆஸ்டராக்சைலான் செடியில் 2023-இல் விவரிக்கப்பட்ட போட்டெரோமைசஸ் என்ற நோய்ப்பூஞ்சையின் கதையும் இதே இனம். பூஞ்சை தாக்கிய இடத்தில் செடி குவிமாடம்போலப் புடைத்து வளர்ந்திருக்கிறது. புடைப்பு இல்லாவிட்டால் அது நோய் என்று சொல்ல வழியே இல்லை. முயல் கதைகள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் பூஞ்சைகளையும் கூர்ந்து வரைந்தவர், பெயர் அவருடையது.

பைன் வேர்களில் தேட வேண்டியது இன்னொன்று. அங்கே பூஞ்சை செல்லுக்குள் போகாது. வேர்நுனியைப் போர்வைபோலப் போர்த்தி, புறணிச் செல்களுக்கிடையே வலைபின்னும். பிரின்ஸ்டன் செர்ட்டில் போர்வையும் வலையும் இரண்டுமே இருக்கின்றன. வேர்நுனி கவைகவையாகப் பிரிந்து கொத்தாகியிருக்கிறது. இங்கே செடியின் பதில் வேரின் வடிவமே.

இந்த மூன்றிலும் சேராதவை நிறைய வரும். இழை செல்லுக்குள் இருக்கும், செடி எதுவும் செய்திருக்காது. செல்சுவர்கள் நொய்ந்து குலைந்திருந்தால் மட்குண்ணி, அதாவது செத்ததைத் தின்ன வந்தது, என்று எழுதலாம். சுவரும் நன்றாக இருந்து பதிலும் இல்லையென்றால், "உள்ளே வாழ்ந்த பூஞ்சை, உறவு தெளிவில்லை" என்று நிறுத்துங்கள். என் குறிப்பேட்டில் பாதிக்கு மேல் அந்த வரிதான்.

மரமும் இலையும்

மரத்தில் இழை அழிந்துபோயிருந்தாலும் அழுகலின் தழும்பு நிற்கும். வெள்ளை அழுகல் என்ற வகை, மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னினைத் தின்னும். செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, சுவர் மெலிந்து, நீள்வட்டப் பொத்தல்கள் விழும். டெவோனியன் கடைக்காலத்துக் காலிக்சைலான் மரத்திலேயே இந்தத் தடம் இருக்கிறது. அண்டார்க்டிகாவின் பெர்மியன், டிரையாசிக் மரங்களில் பொத்தல்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். மரம் உயிரோடு இருந்ததா என்று அறிய, நீர்க்குழாய்ச் செல்களுக்குள் பலூன்போல ஊதிய அடைப்புகளைத் தேடுங்கள். டைலோஸ் என்பார்கள். அண்டார்க்டிகாவின் வடக்கு விக்டோரியா நிலத்தில் கிடைத்த ஜுராசிக் கால ஊசியிலை மரம் ஒன்றில் அடைப்பும் பூஞ்சையும் சேர்ந்தே இருக்கின்றன. மரம் கதவை அடைத்துப் பார்த்திருக்கிறது.

இங்கே ஒரு பிரபலமான கதையைச் சொல்லியாக வேண்டும். கார்பனிஃபெரஸ் காலத்தில் லிக்னினைத் தின்னும் பூஞ்சை இல்லை, அதனால்தான் மரங்கள் மட்காமல் நிலக்கரியாகக் குவிந்தன என்பார்கள். 2012-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இதற்கு ஊக்கம் கொடுத்தது. 2016-இல் அதை மறுத்த ஆய்வாளர்கள், நிலக்கரிக் குவியலுக்கு அமிழ்ந்துகொண்டிருந்த நிலப்படுகைகளும் ஈரமான வெப்பமண்டலச் சதுப்புகளும் போதிய காரணம் என்று காட்டினார்கள். லிக்னின் குறைந்த மரங்களும் நிலக்கரியாகியிருக்கின்றன. நான் இரண்டாவது கட்சி. காலிக்சைலானின் பொத்தல்கள் நிலக்கரிக் காலத்துக்கு முந்தியவை என்பதை மறந்துவிட்டால்தான் முதல் கதை இனிக்கும்.

இலைகளில் வேலை எளிது. மேல்தோலை உரித்துப் பார்த்தால், தட்டையான கேடயம்போல, நடுவில் துளையோடு, ஆரக்கால்களாக அடுக்கிய செல்களோடு பூஞ்சையின் கனியுறுப்புகள் ஒட்டியிருக்கும். இவற்றின் இன்றைய உறவினர்களில் பெரும்பாலானவை ஈரமான வெப்பமண்டலத்தில் வாழ்கின்றன. ஜெர்மனியின் மெசெலில் கிடைத்த 4 கோடியே 80 லட்சம் ஆண்டுப் பழைய இலை ஒன்றில் இன்னும் விசித்திரம்: பூஞ்சையே இல்லை, நரம்பின் இருபுறமும் கடித்த தழும்புகள் மட்டும். பூஞ்சை தொற்றிய எறும்புகள் சாகும்முன் இலைநரம்பைக் கவ்விக்கொள்ளும் இன்றைய பழக்கத்தின் அதே தடம். அங்கேயும் இலைதான் பேசியது.

பெயர் வைக்கும் ஆசை

அடக்கிக்கொள்ளுங்கள். புரோட்டோடாக்சைட்டஸ் என்ற ஒன்று உண்டு. 8 மீட்டர் உயரம் வரை வளர்ந்த, கிளையில்லாத தூண், சிலூரியன் இறுதியிலும் டெவோனியனிலும் நிலத்தில் நின்ற மிகப் பெரிய உயிரி. 1859-இல் டாசன் அதை அழுகிய ஊசியிலை மரம் என்றார். உள்ளே தெரிந்த இழைகள் மரத்தைத் தின்ற பூஞ்சை என்று விளக்கினார். பிறகு வந்தவர்கள் அதைப் பாசி என்றார்கள். 2001-இல் ஹ்யூபர் அந்தத் தூணே பூஞ்சை என்றார். 2007-இல் கார்பன் ஐசோடோப்பு ஆய்வு அவர் பக்கம் சாய்ந்தது. 2025-இல் ரைனியில் கிடைத்த மாதிரியை ஆராய்ந்தவர்கள், இது பூஞ்சையும் இல்லை, அழிந்துபோன தனிக் கிளை என்று வாதிட்டிருக்கிறார்கள். நூற்றறுபது ஆண்டில் நான்கு அடையாளம். எல்லோரும் பார்த்தது அதே இழைகளைத்தான்.

குறிப்பெடுக்கும் முறை

ஒவ்வொரு இழைக்கும் இந்த வரிசையில் எழுதுங்கள்: தகட்டு எண், செடி, உறுப்பு, திசு, அந்தத் திசுவின் நிலை, செடியின் பதில், அதற்குப் பிறகே இழையின் அகலம், சுவர், கிளை, வித்து. வித்தை அளந்தால் ஒன்றை அளந்து நிறுத்தாதீர்கள்; கிடைப்பதையெல்லாம் அளந்து சிறியதும் பெரியதும் எழுதுங்கள். அளவுகோல் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நுண்ணோக்கி மேடையின் இரு அளவுகோல் எண்களையும், தகட்டை எந்தப் பக்கம் திருப்பி வைத்தீர்கள் என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள். நான் பார்த்ததிலேயே மிக அழகான ஆர்பஸ்கியூல், தண்டு முதல் கடைசிக் கிளைநுனி வரை ஒரே செல்லுக்குள் முழுதாக நின்றது, ஒரு மாலையில் கிடைத்தது. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனேன். அந்தத் தகட்டில் பதினேழு தண்டுகள் இருக்கின்றன. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.